பனியில் வழி கண்ட பெருமகனார்

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை வானளாவி நிற்பதைக் காணலாம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இக்காலத்தில் பேருந்து மலையேறுகின்றது. இப்பாதை அமையாத முற்காலத்தில், மலைமேல் ஒருவர் நோயுற்றால் அவரைத் தூளியிற் கிடத்தித் தோளிற் சுமந்து, பாறைகளுக்கிடையே கால்நடையாகவே கீழே கொணர வேண்டும். மருத்துவர் இருக்கும் ஊர் மலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும். ஆயினும், அங்கே சென்று சேர்தல் அரிதாகும். ஓர் ஊரின் தொலைவைக் காதக் கணக்கால் மட்டும் அளந்துவிட இயலாது. இடையே வழி உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இங்கே மலை மறித்ததுபோல, வடபுலத்தில் பனி வழியை மறிக்கும். அப்பனியினால் தம் அருமை மகனை இழந்து, பிறர்க்கு அத்துயர் நேராவண்ணம் வழி கண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவர் பெயர் ஜோசப் அர்மாண்டு பொம்பார்டியர் என்பது.

அவர் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்னும் சிற்றூரில், 1907ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தார் எண்மருள் அவரே மூத்தவர். அந்நாட்டில் மழைக்காலத்தைவிடக் கொடியது பனிக்காலம். திங்கள் பலவாக வீதியும் வயலும் வேறுபாடின்றி வெண்மணற் பரப்பேபோலப் பனியால் மூடுண்டு கிடக்கும். மோட்டார் வண்டிகளைக் கொட்டிலில் நிறுத்திவிட்டு, மக்கள் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகளையே நம்பி வாழ்ந்த காலம் அது.

இளமையிலேயே அர்மாண்டுக்குப் பொறிகளின்மீது தணியாத வேட்கை இருந்தது. பழைய கடிகாரங்களின் உறுப்புகளைக் கொண்டு விளையாட்டு வண்டிகளை ஓடச் செய்வார். அவருடைய 15ஆம் வயதில் தந்தையார் பழைய போர்டு மோட்டார் ஒன்றின் பொறியை அவருக்கு அளித்தார். அவர் அதனைச் சறுக்குவண்டியின்மேல் ஏற்றி, பின்புறத்தில் வானவூர்திக்கு உள்ளது போன்ற சுழல்விசிறியைப் பொருத்தினார். 1922ஆம் ஆண்டின் இறுதியில், தம்பி முன்னே அமர்ந்து திசைதிருப்ப, அவர் பின்னே அமர்ந்து பொறியை இயக்க, அவ்விந்தை ஊர்தி பேரொலியுடன் ஊர் வீதியில் ஓடியது. கண்டோர் வியந்தனர், தந்தையாரோ அஞ்சினார். மூடாது சுழலும் அவ்விசிறி எவரையேனும் வெட்டிவிடும் என்று கருதி, ஊர்தியைப் பிரித்துவிடுமாறு பணித்தார். மைந்தரும் அவ்வாறே செய்தார். ஆயினும் எண்ணத்தை விட்டாரல்லர்.

பெற்றோர் அவரைச் சமயக் குருவாக்க விரும்பிக் குருமடப் பள்ளிக்கு அனுப்பினர். அவர் உள்ளம் அங்கே நிலைகொள்ளவில்லை. 1924ஆம் ஆண்டு பள்ளியை விட்டுப் பொறித்தொழில் பயிலச் சென்றார். தம் 19ஆம் வயதில் வால்கூரிலேயே சொந்தமாக ஒரு பட்டறை அமைத்தார். கோடையில் ஊராரின் மோட்டார்களைப் பழுதுபார்ப்பார். பனிக்காலத்தில் பனியூர்தி ஆய்வில் ஈடுபடுவார். ஆண்டுதோறும் புதியதொன்றைச் செய்வார், அதன் குறை கண்டு பிரிப்பார், மீண்டும் செய்வார். பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1934ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவ்வில்லத்தில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. இரண்டு வயதே நிரம்பிய மகன் இவோன் குடல்வால் அழற்சியால் துடித்தான். அறுவை மருத்துவம் செய்தால் பிழைப்பான். மருத்துவமனையோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஷெர்புரூக் நகரில் இருந்தது. வழியெங்கும் ஆழ்பனி. தந்தையார் பல்லாண்டு முயன்று செய்துவந்த பனியூர்தி அவ்வேளையில் ஓடும் நிலையில் இல்லை. ஊராரின் ஊர்திகளுக்கெல்லாம் உயிரூட்டிய கைகள் தம் குழந்தையின் உயிரைக் காக்க வழியின்றி நின்றன. குழந்தை மாண்டது.

ஆறாத அத்துயரைத் தந்தையார் உழைப்பாக மாற்றினார். சுழல்விசிறியைக் கைவிட்டு, பனியை நேரே பற்றி உந்தும் முறையை நாடினார். மாணவர்களே, அவர் கண்ட நுட்பத்தை நம் நெல்வயலைக்கொண்டே உணரலாம். உழுத சேற்றில் இறங்கினால் கால் முழங்காலளவு புதைகின்றது. அச்சேற்றின்மீது அகன்ற பலகையை இட்டு நின்றால் அவ்வளவு புதைவதில்லை. உடலின் எடை குறையவில்லை. அது பரந்த இடத்தில் பகிரப்படுகின்றது. உருளை பனியிற் புதைவதும், அகன்ற பட்டை புதையாது செல்வதும் இதனாலேயே ஆம்.

எனவே, உருளைகளைச் சுற்றி ஓடும் நீண்ட பட்டையே வேண்டுவது என்று அவர் தெளிந்தார். மிதிவண்டியின் சங்கிலியைப் பற்சக்கரம் பற்றி இழுப்பதுபோலப் பொறியின் ஆற்றலைப் பட்டைக்குச் செலுத்த ஒரு பற்சக்கரமும் தேவைப்பட்டது. வெறும் இரும்பில் பனி ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆதலின், பற்சக்கரத்தின்மேல் இரப்பரைப் போர்த்தினார். பட்டையையும் இரப்பரும் பருத்தியும் கொண்டு அமைத்தார். 1935ஆம் ஆண்டில் இம்முயற்சி வெற்றி பெற்றது. 1937ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அவ்வமைப்பைக் கொண்டு எழுவர் அமரும் பி-7 என்னும் ஊர்தியை முதலிற் செய்து விற்றார். அதனை விரும்பி வாங்கியோருள் மருத்துவர்கள் பலர் இருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. பின்னர்ப் பன்னிருவர் அமரும் பி-12 ஊர்தி தோன்றியது. அது நோயாளிகளைச் சுமந்தது. அஞ்சலைக் கொண்டு சென்றது. சி-18 என்னும் பெரிய ஊர்தி 25 சிறுவர்களைப் பனியினூடே பள்ளிக்கு ஏற்றிச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கும் அவர் ஊர்திகள் செய்தளித்தார்.

1948ஆம் ஆண்டில் கியூபெக் அரசு சிற்றூர்ச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்கியது. மக்களுக்கு அது நன்மையே. எனினும், சாலை திறந்தபின் பனியூர்தி எதற்கு? விற்பனை பாதியாகக் குறைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. பனியைக் கடந்த பட்டை சேற்றையும் கடக்கும் அன்றோ? அதனைக் காட்டுவழிக்கும் சதுப்பு நிலத்திற்கும் ஏற்பத் திருத்தி, 1953ஆம் ஆண்டில் மஸ்கெக் என்னும் இழுவை ஊர்தியை உருவாக்கினார்.

ஓரிருவர் ஏறிச் செல்லும் சிற்றூர்தி ஒன்றைச் செய்தல் வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. எடை குறைந்த பொறியும் நொய்ய பட்டையும் கிடைக்காமையால் அக்கனவு நெடுநாள் காத்திருந்தது. பின்னர், மூத்த மகன் ஜெர்மேன், இணைப்பில்லாத ஒரே துண்டாகிய அகன்ற இரப்பர்ப் பட்டையை வகுத்துத் தந்தார். 1959ஆம் ஆண்டில் ஸ்கீ-டூ என்னும் சிற்றூர்தி பனிமேல் ஓடியது. ஒரு மகனை இழந்த துயரில் முதிர்ந்த பணி, மற்றொரு மகனின் துணையால் நிறைவுற்றது. அவ்வூர்தி தொடக்கத்திலேயே வடபுலத்துக் காடுகளில் பணியாற்றிய சமயத்தொண்டர் ஒருவர்க்குப் பயன்பட்டது.

அவர் கண்ட நெறி இன்றும் வளர்ந்து வருகின்றது. ஆழ்பனியில் செல்வோர் தம் ஊர்தியின் பட்டையை மேலும் நீளமாக்குவர். அதன் புறத்தே பனியை வாரித் தள்ளும் துடுப்புகளையும் உயர்த்துவர். மலைப்பனியில் ஓடும் பட்டைகள் 150 அங்குலத்திற்கு மேற்பட்ட சுற்றளவும், ஏறத்தாழ 3 அங்குல உயரமுள்ள துடுப்புகளும் உடையனவாக வருகின்றன. ஆயினும், பட்டையை மட்டும் மாற்றினால் போதாது. நீண்ட பட்டையைச் சுழற்றப் பொறிக்குச் சுமை மிகும். ஆதலின், இயக்கும் பற்சக்கரத்தின் பற்களைக் குறைத்து, விரைவைச் சற்றே விட்டுக்கொடுத்து, இழுவிசையை மிகுவித்தல் வேண்டும். சக்கரத்துப் பற்களின் இடைவெளி பட்டையின் இடைவெளியோடு பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிடின் பற்கள் நழுவும். ஓர் உறுப்பைத் திருத்தினால் அதனோடு இயைந்த உறுப்புகளையும் திருத்த வேண்டும் என்பது பொறித்தொழில் கற்பிக்கும் பாடமாகும்.

பொம்பார்டியர் 1964ஆம் ஆண்டு பிப்பிரவரி 18ஆம் நாள், 56ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். 40க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. வால்கூரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் அவருடைய பழைய பட்டறை இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. கனடாவில் ஓடத் தொடங்கிய பனியூர்தியை நம் நாட்டுக் காசுமீரத்துக் குல்மார்க் மலைச்சரிவிலும் இந்நாளிற் காணலாம்.

மகனை அவரால் மீட்க இயலவில்லை. ஆனால், பனி சூழ்ந்த சிற்றூர்களில் மருத்துவர் நோயாளியைச் சென்று சேர அவர் வழி செய்தார். துன்பம் வந்துற்றபோது அழுதல் மக்கள் இயல்பு. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்துன்பம் அடுத்த வீட்டின் வாயிலை அணுகாதபடி தடுக்க முயல்வது சான்றோர் இயல்பு. கொல்லிமலைப் பாதையில் பேருந்தேறிச் செல்லும்போதெல்லாம், வழியில்லா இடத்தில் வழி கண்டோர் அனைவரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.