பீட்டர் பேன் திகில் படமானது எப்படி? கதையை எழுதியவரின் சோகப் பின்னணி!

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் போனைத் திறந்தாலே இப்போது இப்படி ஒரு ட்ரெய்லர் கண்ணில் படும்: குழந்தைக் கதை ஒன்று திகில் படமாக! 2025-ல் வந்த 'பீட்டர் பேன்ஸ் நெவர்லேண்ட் நைட்மேர்' படத்தில், வளரவே வளராத சிறுவன் பீட்டர் பேன் பிள்ளை கடத்தும் கொலைகாரன்.

ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சாவு இருக்கிறது.

யார் இந்த ஜே.எம்.பாரி?

1860-ல் ஸ்காட்லாந்தில் நெசவாளி வீட்டில் பிறந்தவர். பாரிக்கு 6 வயசு இருக்கும்போது அண்ணன் டேவிட் பனிச்சறுக்கு விபத்தில் இறந்துபோனான். மறுநாள் அவனுக்கு 14-வது பிறந்தநாள். அம்மா ஒடிந்துபோனார். அண்ணனின் உடையைப் போட்டு, அவனைப் போலவே விசிலடித்து அம்மாவைத் தேற்றப் பார்த்தான் சின்னப் பையன். செத்த பிள்ளைக்கு இனி வயசே ஆகாது என்பதுதான் அந்தத் தாய்க்கு ஆறுதல்.

லண்டன் பூங்காவில் பழகிய டேவிஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாரி சொன்ன கதைகளே 1904 டிசம்பர் 27-ல் நாடகமாக மேடையேறின.

பெற்றோரை இழந்த அந்த 5 பேருக்கும் பின்னர் பாரிதான் பாதுகாவலர். அதிலும் இருவரைப் பறிகொடுத்தார். ஜார்ஜ் 1915-ல் போரில் இறந்தார். மைக்கேல் 1921-ல் நீரில் மூழ்கினார்.

1953-ல் வந்த டிஸ்னி கார்ட்டூனில் இந்தச் சோகம் இல்லை. திகில் படங்களோ ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

1937-ல் பாரி மறைந்தார். அதற்கு முன்பே, 1929-ல், பீட்டர் பேன் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பிரிட்டனில் நாடகம் நடந்தால் ராயல்டி இன்றும் அங்கேதான் போகிறது.