கும்மிடிப்பூண்டி வழியே வந்த தொப்பிக்காரர்: கர்னல் பெய்லியின் கதையை மாற்றிய இரண்டு ராத்திரிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து சென்னைக்கு பஸ் ஏறுபவர்கள், காரனோடை பாலத்தில் கொசஸ்தலை ஆற்றை ஒரே நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். வருடத்தில் பல மாதங்கள் அங்கே மணல்தான் தெரியும். ஆனால் 1780-ல் இதே ஆற்றைத் தாண்ட முடியாமல் கிழக்கிந்திய கம்பெனியின் படை ஒன்று ஒரு வாரத்துக்கும் மேல் கரையிலேயே நின்றது. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பெய்லி.

யார் இந்த பெய்லி?

ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் பகுதியைச் சேர்ந்தவர். சென்னை ராணுவத்தில் அனுபவமுள்ள அதிகாரி. 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியபோது, பெய்லி ஆந்திராவின் குண்டூர் பக்கம் இருந்தார். உடனே தெற்கே வந்து, தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரும்படி அவருக்கு உத்தரவு. அவரிடம் இருந்தது சுமார் 2,800 பேர். அதில் பெரும்பாலோர் நம்மூர் சிப்பாய்கள்.

தொப்பியில் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களுக்கு நம் மக்கள் வைத்த பெயரே ‘தொப்பிக்காரர்’. கம்பெனி அதிகாரியின் தொப்பி, ரோமத்தை அழுத்திச் செய்த கறுப்புத் தொப்பி. விளிம்பை மேலே மடித்திருப்பார்கள். பக்கத்தில் கறுப்பு ரிப்பன் முடிச்சு, ஓரத்தில் ஜரிகை. விளிம்பு மேலே மடிந்திருப்பதால் வெயிலுக்கும் பெரிதாக உதவாது, வாள் வெட்டையும் தடுக்காது. ஆனால் படைக்குள் யார் உத்தரவு போடுபவர் என்பதைத் தூரத்திலிருந்தே காட்டிவிடும். சிப்பாய்க்கு அந்தத் தொப்பி கிடையாது, தலைப்பாகைதான்.

முதல் ராத்திரி: ஆற்றங்கரை

ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்தார் பெய்லி. தண்ணீர் குறைவு. அன்றே இறங்கித் தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரியில் மழை வெள்ளம் வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் இறங்கவே முடியாத அளவுக்கு ஆறு ஓடுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் அக்கரை போக முடிந்தது.

அதற்குள் ஹைதர் தன் மகன் திப்புவை ஒரு பெரிய குதிரைப்படையோடு பெய்லியை மறிக்க அனுப்பிவிட்டார். செப்டம்பர் 6, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பேரம்பாக்கம் அருகே இரு தரப்பும் மோதின. பெய்லி தாக்குப்பிடித்தார். ஆனால் முன்னேற முடியவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். இடையே இருந்த தூரம் 25 கிலோமீட்டர்கூட இல்லை. மன்றோ முழுப்படையோடு கிளம்பவில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார்.

இரண்டாவது ராத்திரி: புள்ளலூர்

செப்டம்பர் 9 மாலை, பெய்லியும் பிளெட்சரும் சேர்ந்து காஞ்சிபுரம் நோக்கி நடந்தார்கள். இருட்டில் எதிரிகள் தொல்லை கொடுத்தபடியே வந்தார்கள். பாதி வழியில் படையை நிறுத்தி, விடியட்டும் என்றார் பெய்லி. மறுபடியும் அதே முடிவு!

அந்த இரவைப் பயன்படுத்திக்கொண்டார் ஹைதர். 10-ம் தேதி விடிந்தபோது அவருடைய மொத்தப் படையும் புள்ளலூரைச் சுற்றி நின்றது. பீரங்கிகளும் மைசூர் ராக்கெட்டுகளும் பாய்ந்தன. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காயமடைந்த பெய்லி, மிஞ்சியவர்களைச் சதுரமாக நிறுத்திச் சண்டை போட்டார். முடியாதபோது வெள்ளைத் துணியைக் காட்டிச் சரணடைந்தார். சுமார் 3,800 பேர் கொண்ட படை ஒரே காலையில் அழிந்தது. செய்தி தெரிந்த மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அதற்குப் பிறகு?

பெய்லியை ஸ்ரீரங்கப்பட்டினம் கொண்டுபோய் விலங்கு போட்டுச் சிறை வைத்தார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1782 நவம்பர் 13-ல் அங்கேயே இறந்தார். அடுத்த மாதமே, டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே ஹைதரும் இறந்தார். பெய்லியோடு பிடிபட்ட டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரி 1784-ல் விடுதலையானார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டைக்குள் படையை நடத்திப் புகுந்தவர் அவர்தான். அன்றுதான் திப்பு கொல்லப்பட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டினத்தின் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் திப்பு வரையச் சொன்ன புள்ளலூர் போர் ஓவியத்தை இன்றும் பார்க்கலாம். சிவப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக வீரர்கள், நடுவில் பல்லக்கில் காயத்தோடு பெய்லி. அதே ஊரில் 1816-ல் அவருடைய உறவினர் கட்டிய நினைவு மண்டபமும் இருக்கிறது. புள்ளலூரிலும் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. 1781-ல் அதே இடத்தில் நடந்த அடுத்த போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை அவை.

பெய்லி எடுத்த இரண்டு முடிவுகளுக்கும் அதிகம் விலை கொடுத்தவர்கள் அவர் பின்னால் நடந்த தலைப்பாகைக்காரர்கள். கல்லில் பெயர் இருப்பதோ, தொப்பிக்காரர்களுக்குத்தான்.