கிண்ணம் கொடுத்த துரையும் கிண்ணத்தை அடகு வைத்த தொழிலாளரும்

றொசல்லயில் எங்கள் லயத்து இளைஞர்களுக்குச் சம்பள நாளில்தான் புதுப் பந்து வரும். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஹட்டனுக்குப் போய் மென்பந்து வாங்கி வருவோம். அடுத்த தோட்டத்தோடு போட்டி என்றால், லொறிக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் முதல் பேச்சு. லொறி கிடைக்காததால் விளையாடாமலே தோற்ற போட்டிகளும் உண்டு. டிக்கோயாப் பக்கம் துரைமாரின் டராவெல்ல கழகத்துக்கோ, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சொந்த மைதானம்.

அமெரிக்க பேஸ்பாலில் பணக்கார அணியின் சம்பளப் பட்டியல் ஏழை அணியுடையதைவிடப் பல மடங்கு பெரிது என்று வாசிக்கும்போதெல்லாம், எனக்கு நம் மலையகத்தோடு சேர்ந்த ஒருவரின் நினைவு வரும். அவர் சேர் தோமஸ் லிப்டன்.

றொசல்லயில் பதுளை ரயில் ஏறினால் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா தாண்டி ஹப்புத்தளை வரும். அங்கே தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் இருக்கிறது. தேநீர்க் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். படம் எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு அவர் ஒரு தேயிலைப் பெட்டியின் பெயர், அவ்வளவுதான்.

1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஏழைகள் வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில் பிறந்தவர் லிப்டன். பெற்றோர், பஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடையில் எடுபிடி வேலை பார்த்தார். கப்பலில் வேலை செய்தார். அமெரிக்காவுக்குப் போய்ப் புகையிலைத் தோட்டத்திலும் உழைத்தார். ஊர் திரும்பி 1871இல் ஒரு மளிகைக் கடை திறந்தார். அது நாடு முழுவதும் கிளை விட்டது. 1890இல் இலங்கை வந்தார். இலைநோயால் கோப்பி அழிந்து, தோட்டங்கள் மலிந்து கிடந்த காலம். அவற்றை வாங்கி, தேயிலையைச் சிறு பொதிகளில் அடைத்து, மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குத் தன் கடைகளிலேயே விற்றார்.

பணம் சேர்ந்ததும் அவருக்குப் பாய்மரப் படகோட்டத்தில் ஆசை வந்தது. அமெரிக்கக் கிண்ணம் என்ற போட்டிக்கு 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை சவால் விட்டார். ஐந்து முறையும் தோற்றார். 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களை வென்றும், அடுத்த மூன்றையும் பறிகொடுத்தார்.

அந்தப் போட்டியில் லிப்டன்தான் ஏழை அணி என்றால் நம்புவது கடினம். ஆனால் 1930இல் அவர் கொண்டு போனது ஷம்ரொக் என்ற ஒரே ஒரு படகு. அமெரிக்கக் கோடீஸ்வரர்களோ கூட்டுச் சேர்ந்து நான்கு படகுகள் கட்டி, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து இறக்கினார்கள். சவால் விடும் படகு அத்திலாந்திக் கடலைத் தானே கடந்து வர வேண்டும் என்பது விதி. அதனால் அதைக் கனமாகக் கட்ட வேண்டியிருந்தது. சொந்த ஊரில் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சுமை இல்லை. இங்கிலாந்தின் உயர்குடிப் படகுக் கழகமும் கடைக்காரர் என்பதால் அவரை நீண்ட காலம் சேர்க்கவில்லை. இறக்கும் ஆண்டில்தான் கதவு திறந்தது.

தோற்ற லிப்டன் மேல் அமெரிக்கர்கள் இரக்கப்பட்டார்கள். பொதுமக்கள் சிறு சிறு தொகையாகக் காசு சேர்த்து, அவருக்கு ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள்.

அவர் கொடுத்த கிண்ணத்தின் கதை வேறு. 1909இல் இத்தாலியின் துரின் நகரில் அவர் பெயரில் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. இங்கிலாந்திலிருந்து போனது வெஸ்ட் ஓக்லண்ட் என்ற சிற்றூரின் அணி. பெரும்பாலானோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். அவர்களே வென்றார்கள். 1911இல் மீண்டும் போய், இன்று கோடிகளில் புரளும் ஜுவெண்டஸ் கழகத்தை 6-1 என்று தோற்கடித்தார்கள். கிண்ணம் நிரந்தரமாக அவர்களுக்கே ஆனது. ஆனால் பயணச் செலவு கழகத்தைக் கடனில் தள்ளியது. வென்று வந்த கிண்ணத்தை ஊர் ஹோட்டல்காரப் பெண்மணியிடம் 40 பவுணுக்கு அடகு வைத்தார்கள். அதை மீட்க 1960 வரை ஆனது. அப்போது கொடுத்தது 100 பவுண்.

இனி நம் மலைக்கு வருவோம். லிப்டனின் கடைசிப் போட்டிக்கு முந்தைய ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. உயர் மலைநாட்டில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அதையும் குறைத்தார்கள். பெண்ணுக்கு ஆணோடு சம சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கொழுந்து குறைந்தால் இன்றும் அரைப் பேர்தான்.

லிப்டன் 1931 ஒக்டோபர் 2 அன்று இலண்டனில் காலமானார். திருமணம் செய்யாதவர். சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோவின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. பிறந்த ஊரின் வறுமையை அவர் மறக்கவில்லை. ஆனால் அவருடைய தேயிலையைப் பறித்த கைகளும், பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் கைகள்தான்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு எங்கள் உறவுகள் பலர் வன்னிக்குப் போனார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்து மீளக் குடியேறிய அவர்களின் பிள்ளைகளும் பந்துக்குக் காசு சேர்ப்பதைக் கிளிநொச்சியில் பார்த்தேன். மலையிலும் வன்னியிலும் தேர்தல் வந்தால் கிண்ணங்களுக்குக் குறைவில்லை. கொடுப்பவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வெஸ்ட் ஓக்லண்ட் தொழிலாளருக்கு இல்லாமல் போனது கிண்ணமல்ல, பயணக் காசு. நம் பிள்ளைகளுக்கும் அதுதான் இல்லை. அடுத்த முறை கிண்ணம் கொடுக்க வருபவர், இரண்டு அணிகளுக்கும் லொறிக் காசையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.