வலிய கப்பித்தான் டிலனாய்

பனச்சமூட்டிலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியே தக்கலையைக் கடந்து செல்வோர், புலியூர்க்குறிச்சியில் சாலையோரமாகப் பெரியதொரு கற்கோட்டையைக் காண்பர். புகைவண்டியில் வருவோர் இரணியல் நிலையத்தில் இறங்கிச் செல்லலாம். உதயகிரிக் கோட்டை என்னும் அதனுள், இடிந்த சிற்றாலயம் ஒன்றில், ஓர் அயல்நாட்டார் உறங்குகின்றார். யூஸ்டேஷியஸ் டிலனாய் என்பது அவர் பெயர்.

1715ஆம் ஆண்டில் அராஸ் நகரில் பிறந்த இவர், 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவகத்திற் சேர்ந்து கீழ்த்திசை வந்தார். அக்கம்பெனி, போர்த்துக்கீசியரிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1663இல் கொச்சியையும் கவர்ந்துகொண்டது. நாடு பிடிப்பதினும் மிளகு பிடிப்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் மிளகு விளையும் நாட்டில் வலிய அரசன் ஒருவன் தோன்றிவிட்டால், விலையை யார் குறிப்பது? இக்கேள்வியே போருக்கு வித்தாயிற்று. சரக்குச் சீட்டெழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதிற் பெரிய வியப்பொன்றுமில்லை.

1729இல் திருவிதாங்கூரில் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா, அண்டை அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கி வந்தார். அவற்றோடு கம்பெனி செய்திருந்த மிளகு ஒப்பந்தங்கள் ஆட்டங்கண்டன. இலங்கை ஆளுநர் வான் இம்ஹாப் மிரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கிற்று. 1741 ஆகஸ்டில் அங்கே திருவிதாங்கூர்ச் சேனை அதனை முறியடித்தது. சிறைப்பட்டோருள் டிலனாயும் ஒருவர். அவர் தம் வாளை மன்னரிடம் ஒப்புவிப்பதாகத் தீட்டப்பெற்ற படத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். அவர் படைத்தலைவராக வந்தவரல்லர், தாழ்ந்த பதவியிலிருந்தவரே என்று டச்சு ஆவணங்களை ஆராய்ந்தோர் கூறுவர். அவ்வாறாயின் அவர் பின்னர் எய்திய உயர்வு மேலும் வியத்தற்குரியதன்றோ?

மன்னர் அவரைக் கொல்லவில்லை, பயன்படுத்திக்கொண்டார். நாயர் படைக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கற்பித்தார் டிலனாய். உதயகிரிக் கோட்டை கல்லால் வலுப்பெற்றது. அதனுள் உலை அமைத்துப் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. நாளடைவில் அவர் படைத்தலைவராகி, மக்கள் வாயில் வலிய கப்பித்தான் ஆனார். எந்தக் கம்பெனிக்காகத் துப்பாக்கி தூக்கி வந்தாரோ, அதே கம்பெனி 1753இல் மாவேலிக்கரையில் மன்னரோடு உடன்படிக்கை செய்து, மலையாளத்து அரசர்களின் பூசல்களில் தலையிடாது ஒதுங்கிக்கொண்டது.

இவரைக் குறையற்ற வீரராகப் போற்ற நம் மனம் முற்றும் ஒருப்படவில்லை. அவர் பழக்கிய படை வடக்கே சென்று சிறு நாடுகள் பலவற்றை விழுங்கிற்று. கம்பெனி கைப்பற்ற நினைத்த மிளகு வாணிபம் அரசின் தனியுரிமையாயிற்று; கொடி படரவிட்ட குடியானவன் விரும்பிய விலைக்கு விற்க இயலவில்லை.

அவர் நண்பர் ஒருவரின் கதையும் ஈண்டுக் கூறற்பாலது. பத்மநாபபுரத்தில் அரண்மனை அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறிஸ்து சமயத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறைப்பட்டுப் பலவாறு வதைக்கப்பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சேனையையே நடத்திய டிலனாய் இருந்தும், அந்நண்பரின் உயிர் காக்கப்படவில்லை. உயர் பதவியிலிருந்தும் அவர் அரசனுக்குக் கட்டுப்பட்ட அயலாரே என்பது இதனால் விளங்கும். 2022இல் தேவசகாயம் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

1758இல் மார்த்தாண்ட வர்மா மறைந்தபின், இராம வர்மா காலத்திலும் டிலனாயின் பணி தொடர்ந்தது. வடவெல்லையில் கடற்கரை தொடங்கி ஆனைமலைச் சாரல் நோக்கிச் செல்லும் நெடுங்கோட்டை அவர் மேற்பார்வையில் உருவானது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அவ்வரணிலேதான் முறிந்தது. மறு ஆண்டில் அது உடைபட்டது. அவ்விரண்டையும் காண டிலனாய் உயிரோடில்லை.

அவருடைய மகன் யோவான் 1765இல் களக்காட்டுப் போரில் மாண்டார், வயது இருபதளவே. தந்தையார் 1777 ஜூன் முதல் நாள் உதயகிரியில் காலமானார். பிறந்த ஊருக்கு அவர் மீளவேயில்லை. அவர் கல்லறை மீது இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே மனைவியும் மகனும் அடக்கமாகியுள்ளனர். கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்றால் அத்தமிழ் எழுத்துக்களைக் காணலாம்.