தாய்மாருக்குப் பட்ட கடன்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயில் புராதனமான சிவஸ்தலம். தொண்டைமான் என்னும் அரசன் படையுடன் சென்றபோது அவனுடைய யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். அவன் வாளை உருவிக் கொடியை வெட்ட, அவ்வெட்டு புதரினுள் மறைந்திருந்த லிங்கத்தின்மேற் பட்டு உதிரம் பெருகிற்று என்பது ஸ்தலபுராணம். அறியாத கை அவசரத்தில் கொடியை வெட்டினால் விளைவது யாது என்பதற்கு இக்கதையைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை. தொப்புள்கொடியைத் துருவேறிய அரிவாளால் அறுத்ததனால் ரணஜன்னி கண்டு மாண்ட சிசுக்கள் நம் தேசத்தில் எண்ணிறந்தன.

அவ்வூர்ப்பக்கம் நாம் அண்மையில் சென்றிருந்தபோது, ஒரு சுகாதார நிலையத்தின் வாயிலில் கர்ப்பிணிகள் சிலர் காத்திருக்கக் கண்டோம். முத்துலட்சுமி ரெட்டி பணம் எப்போது வரும் என்பதே அவர்களுடைய பேச்சாயிருந்தது. அப்பெயருக்கு உரியவர் யார் என்று உடன் வந்திருந்த ஆடவர்களை வினவினோம். ஒருவரும் விடை கூறவில்லை. குற்றம் அவர்களுடையதன்று, பெயரை மட்டும் திட்டத்திற்குச் சூட்டிவிட்டுச் சரித்திரத்தைச் சொல்லாது விட்டவர்களாகிய நம்முடையதேயாம். அக்குறையைச் சிறிதேனும் நீக்குவான் வேண்டி இதனை எழுதலானோம்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் மேன்மை பெற்றவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபிற் பிறந்தவர். இப்பிறப்பின் காரணமாக உலகம் பேசிய பேச்சு அம்மையாரின் இளமை முழுதும் தொடர்ந்தது. ஆண்களே பயின்றுவந்த மகாராஜா கலாசாலையில் அவர் சேர விரும்பியபோது, ஒரு பெண் உட்கார்ந்தால் கலாசாலை கெட்டுவிடும் என்று கூக்குரல் எழுந்தது. புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். கொடியை வெட்டிய தொண்டைமானும் கதவைத் திறந்த தொண்டைமானும் பெயரால் ஒருவரே. செயலால் எவ்வளவு தூரம்!

1907-ல் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்த அம்மையார் 1912-ல் சிறப்புடன் தேறினார். அரசாங்கப் பிரசவ வைத்தியசாலையில் ஹவுஸ் சர்ஜன் பதவியில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. அக்காலத்தில் பிரசவ அறைக்கும் சுடுகாட்டிற்கும் தூரம் அதிகமில்லை. உதிரப்போக்கும், சூதிகா ஜ்வரமும், வலிப்பும் இளந்தாய்மாரை வாரிக்கொண்டு போயின. புருஷ வைத்தியரிடம் காட்டுவது மானக்கேடு என்று எண்ணி, உயிர் போகும் தறுவாயிலேயே பல குடும்பத்தார் பெண்களை அழைத்து வந்தனர். இவை எல்லாம் விதியின் செயல் என்று ஊர் பேசிற்று. வைத்தியம் பயின்ற அம்மையாருக்கோ, அவற்றுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பது நன்கு தெரியும். தடுக்கக்கூடிய மரணத்தை விதி என்று சொல்வது பொய்ச்சாட்சியம் சொல்வதற்கு ஒப்பாகும்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை அவர் மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் தொண்டிற்குத் தடை கூறலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். கணவரும் அவற்றை இறுதிவரை காத்தார். பின்னர் ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய நோய்களைப் பற்றி மேலும் பயிலும்பொருட்டு 1925-ல் லண்டன் சென்றார்.

திரும்பி வந்த அம்மையாரை இந்திய மாதர் சங்கத்தார் சட்டசபைக்கு அனுப்ப விரும்பினர். நோயாளிகளை விட்டுவிட்டு வாதப்பிரதிவாதத்திற் காலங்கழிப்பதா என்று அவர் முதலில் தயங்கினார். எனினும் இணங்கிச் சென்னைச் சட்டசபையின் அங்கத்தினராகி, உபதலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இம்மாறுதலே அவர் வாழ்வின் சாரம் என்பது நமது அபிப்பிராயம். பதின்மூன்று வயதுச் சிறுமி கருவுற்று வைத்தியசாலைக்கு வரும்போது, வைத்தியர் செய்யத்தக்கது சிறிதே. அச்சிறுமிக்கு நேர்ந்த தீங்கு அவள் கழுத்தில் தாலி ஏறிய நாளிலேயே நேர்ந்துவிட்டது. ஆகவே விவாக வயதை உயர்த்தவேண்டும் என்று அவர் சபையில் வாதாடினார். பெண்ணுக்குப் பதினான்கு வயது என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியது. பள்ளிச் சிறுமியரின் தேகபரிசோதனை, ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் தக்க வைத்தியசாலை வசதி ஆகியவற்றையும் அவர் வற்புறுத்தினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாகி முற்றுப்பெற்றது.

1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் உபதலைவர் பதவியைத் துறந்து வெளியேறினார். பதவியைத் தேடித் திரியும் நம்மனோர் இதனைச் சிந்திப்பாராக. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவியதும், தங்கையார் புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாது 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கச் செய்ததும் உலகறிந்தவை. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி அவர் பூதவுடலை நீத்தார்.

அம்மையாரின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1987-ல் தொடங்கினர். அத்தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பொருள்களாக வழங்கப்பெறுகிறது. 2018 முதல் 2020 வரையிலான அரசாங்கக் கணக்கின்படி, லட்சம் பிரசவங்களில் மாண்ட தாய்மார் இந்தியா முழுமைக்கும் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19 பேர். முன்னேற்றம் உண்டு என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அண்டை நாட்டார் 19-ல் நிறுத்தியதை நாம் 54-ல் நிறுத்தியது ஏன் என்னும் கேள்வி நிற்கிறது.

பணம் மட்டும் பிள்ளை பெற உதவாது. நோவு தொடங்கிய முதல் நாழிகைகளை எடுத்துக்கொள்வோம். தலைப்பிரசவத்தில் அந்நிலை பல மணிநேரம் நீடிப்பது இயல்பு. அப்போது அவளுக்கு வேண்டுவன சிறிது நடை, பருக நீர், எளிய ஆகாரம், முதுகைத் தடவிக்கொடுக்க ஒரு கை, அஞ்சாதே என்று சொல்ல ஒரு துணை. ஓயாது துணையிருந்தால் பிரசவம் எளிதாகிறது என்பது வைத்தியர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை. ஆயினும் பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் கண்டாலும், தலைவலியும் கண்மங்கலும் தோன்றினாலும், சிசுவின் அசைவு குறைந்தாலும் கணமும் தாமதிக்கலாகாது. நல்ல நேரம் பார்த்து வண்டியேறுவது கொலைக்கு உடந்தையாவதாகும்.

பிள்ளை பிறந்தபின் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது இரண்டாவது பிழை. சேனை வைப்பதாகக் கூறிச் சர்க்கரை நீரைப் புகட்டுகிறோம். முதல் மணிநேரத்திலேயே ஊட்டவேண்டிய சீம்பாலைப் பீய்ச்சி எறிகிறோம். பத்தியம் என்ற பெயரால், பாலூட்டும் தாயைப் பட்டினி போட்டுத் தண்ணீரையும் மறுக்கிறோம். உறக்கமிழந்து காரணமின்றி அழும் இளந்தாயைப் பேய் பிடித்தவள் என்கிறோம். அதுவும் வைத்தியத்தால் தீரும் ஒரு நோய் என்று அறிந்தோமில்லை.

சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் செல்லும் பெண்கள் ஆயிரக்கணக்கானவர். பிரசவ காலத்தில் கூலியுடன் விடுமுறை பெறும் உரிமையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை முதலிரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலைசெய்யும் பெண் இதனை அறியாமலே கருவுற்றவுடன் வேலையை விட்டு நின்றுவிடுகிறாள். அறியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமானம். இவ்வுதவி எதுவும் தருமம் அன்று. தேசத்திற்கு ஒரு பிரஜையைத் தர உயிரைப் பணயம் வைப்பவளுக்குத் தேசம் பட்ட கடன் அது.

திருமுல்லைவாயிலுக்கு அருகே ஆவடியில், 1955-ஆம் ஆண்டு ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானித்தது. தீர்மானங்கள் காகிதத்திற் கிடக்கும். அவற்றின் உரைகல் பிரசவ அறை. தேசத்தொண்டு புரியும் நண்பர்களைக் கேட்டுக்கொள்வது இதுவே: மேடையிலிருந்து இறங்கி, உமது தெருவில் கருவுற்றிருப்பவர் யார், அவர் பெயர் பதியப்பட்டதா, நள்ளிரவில் நோவு கண்டால் வண்டிக்கு யார் பொறுப்பு, பிள்ளை பெற்றபின் அவளுக்குச் சோறு வடிப்பவர் யார் என்று விசாரியுங்கள். தாய்க்குலத்திற்காகப் பதவியை ஏற்று, தேசத்திற்காக அதனைத் துறந்த அம்மையாரின் பெயரை உச்சரிக்கும் தகுதி அதன்பின்னரே நமக்கு உண்டாகும்.