மார்கரெட்டே ஸ்டைஃப் அம்மையார்

சென்ற கோடை விடுமுறையில், திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்திலே சிறுவர் சிறுமியர் நால்வர் வட்டமாய் அமர்ந்து, ஃபெல்ட் துணியைக் கத்தரித்து யானை செய்துகொண்டிருந்தனர். முதல் நாள் ஸ்ரீரங்கத்துக் கோயில் யானையைக் கண்டு வந்த உவகை அவர்கள் முகத்தினின்றும் இன்னும் அகலவில்லை. அவர்களோடிருந்த சிறுமி ஒருத்திக்குக் கால் வலுவில்லை. எனினும் ஊசியை அவளே யாவரினும் நேர்த்தியாய்ச் செலுத்தினாள். அவளைக் கண்டதும், ஃபெல்ட் யானையால் உலகப் புகழ் எய்திய அம்மையார் ஒருவரின் சரிதை எம் நினைவிற்கு வந்தது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜெர்மனி தேசத்தின் தென்பகுதியில் கீங்கன் என்னும் சிற்றூர் உளது. அங்கே 1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் மார்கரெட்டே பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. கால்கள் செயலிழந்தன, வலக்கையும் நோவின்றி இயங்கவில்லை. பெற்றோர் பல வைத்தியரை நாடியும் பயன் விளையவில்லை. பிள்ளைகள் சிறு வண்டியில் வைத்து இழுத்துச் செல்ல, அவர் பள்ளிக்குச் சென்று பயின்றார். குணம் காணாத சிகிச்சைகளை இனித் தேடுவதில்லை, உள்ள வலிமையைக் கொண்டே வாழ்வது என்று இளமையிலேயே அவர் உறுதி பூண்டார். அவ்வுறுதியே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம்.

சகோதரியருடன் தையற்றொழிலில் இறங்கினார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுழற்ற இயலவில்லை. ஆகவே இயந்திரத்தைத் திருப்பி வைத்து, இடக்கையால் சுழற்றினார்! 1877இல் ஃபெல்ட் ஆடைகள் விற்கும் கடை ஒன்றைத் தாமே தொடங்கினார்.

ஃபெல்ட் என்பது தறியில் நெய்வதன்று. ஆட்டு மயிரை ஈரத்திலும் வெப்பத்திலும் இட்டு அழுத்தித் தேய்க்க, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணியாய் இறுகும். பாவும் ஊடும் இன்மையால், எப்படிக் கத்தரித்தாலும் விளிம்பு பிரியாது. மடித்துத் தைக்கவும் வேண்டுவதில்லை. இக்காலத்துக் கடைகளிற் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை இழையாலானதே. எனினும் அக்குணம் அதற்கும் உண்டு. பழகாத சிறு கைகளுக்கு அது உகந்ததாயிருப்பதன் காரணம் இதுவே.

நிற்க. 1879ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகை ஒன்றில் வந்த மாதிரியைக் கொண்டு, ஊசி செருகி வைக்கும் திண்டாக அம்மையார் சிறு யானை ஒன்றைத் தைத்தார். இரு பக்கங்களையும் வெட்டி, வயிற்றுக்கு ஒரு துண்டு சேர்த்துத் தைத்து, உள்ளே கம்பளி மயிரை அடைத்து, காதுகளைப் பொருத்தினார். பெண்டிருக்கென ஆக்கிய அதனைக் குழந்தைகள் விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டனர். அம்மையார் அதனைக் குறிப்பாய் உணர்ந்தார். 1886இற்குள் விற்ற யானைகள் 5,000இற்கு மேற்பட்டன. குரங்கு, குதிரை, ஒட்டகம் முதலியனவும் பின்தொடர்ந்தன.

அவர் தமையன் அல்லது தம்பி மக்கள் தொழிலிற் துணை நின்றனர். அவருள் ரிச்சர்ட் என்பவர் 1902இல் கை கால் அசையும் கரடிப் பொம்மையை அமைத்தார். 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 9,74,000 கரடிகள் செய்யப்பெற்றன. தொழில் இவ்வளவு பெருகியும், பொம்மைகளின் தரத்தை அம்மையார் தாமே ஆராய்ந்து வந்தார். 1909ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், தமது 61ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஓடியாட இயலாத பெண் குடும்பத்திற்குச் சுமையென எண்ணுவார் அக்காலத்தில் பலர். இக்காலத்தும் சிலர் உளர். அப்பெண்ணே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஊதியம் அளித்தார். எண்ணிறந்த குழந்தைகளை மகிழ்வித்தார்.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நும் தெருக் குழந்தைகளைக் கூட்டி, ஒரு முழம் ஃபெல்ட்டும் முனை மழுங்கிய கத்தரியும் கொடுத்துப் பாருங்கள். ஆட்டத்தில் சேர்க்கப்படாது ஒதுங்கி நிற்கும் குழந்தையை முதலில் அழைமின். கே.கே. நகரில் நாம் கண்ட யானைக்குக் காது இரண்டும் ஒத்திருக்கவில்லை; செய்த சிறுமிக்கோ அதனைக் கீழே வைக்க மனமில்லை.