முதுகுப்புறத்தையும் பார்த்த ஊழியக்காரி



புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீங்க. ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிற எனக்கோ, அந்த விளக்கைவிட அவர்கள் படுக்கைப்புண்ணைப் பற்றி எழுதினதுதான் பெரிசாத் தெரியுது.

1820-ல் பிறந்த அம்மையார் இங்கிலாந்தில் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. 1837 பிப்ரவரி 7-ல், 16 வயதில், தேவன் தன்னை ஊழியத்துக்கு அழைத்ததாகக் குறித்து வைத்தார்கள். நர்ஸ் வேலை என்றதும் வீட்டில் பலத்த எதிர்ப்பு. அந்நாளில் அது மதிப்பான வேலை இல்லீங்களே! 14 வருஷம் கழித்து, 1851-ல், ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் போதகர் ஃபிளீட்னர் நடத்தின ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்கள். (அம்மையாருடைய உபதேசமெல்லாம் நமக்கு ஒத்துவராது. அழைப்புக்குக் காத்திருந்த அந்தப் பொறுமை ஒத்துவரும்.)

1854 நவம்பரில், கிரிமியா யுத்தத்தின்போது, 38 பெண்களோடு துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அழுக்குத் துணியைத் துவைக்க ஏற்பாடு செய்தார்கள், நல்ல ஆகாரம் கொடுத்தார்கள். சாவு நிற்கவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கட்டடத்துக்கு அடியிலிருந்த சாக்கடையைச் சுத்தம்பண்ணின பிறகுதான் வேகமாகக் குறைந்தது. ஜெபிக்கிற அம்மா இருந்தாலும் சாக்கடை சாக்கடைதான்!

1859-ல் எழுதின புத்தகத்தில், படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் வியாதியின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு அடியில் கம்பளி விரிக்கக்கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்றும் எழுதினார்கள்.

காரியம் இதுதாங்க. ஒரே பக்கமாய்க் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குது. இரத்தம் ஓடாத சதை செத்துப்போகுது. அதனால்தான் வார்டில் நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி, இந்த இடங்களைத் தினமும் பார்க்கணும். நம்முடைய நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ கறுத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கணும். தேய்த்துவிடக் கூடாது.

புண்ணுக்குக் கட்டுப்போடுவது அவிசுவாசம் என்று சில விசுவாசிகள் சொல்றாங்க. எனக்கு அது ஏற்கவில்லை. நல்ல சமாரியன் முதலில் காயத்தைத்தானே கட்டினான்? தலைமாட்டில் நின்று ஜெபிக்கிறோம், ஸ்தோத்திரம்! போர்வையை விலக்கி முதுகைப் பார்க்கிறது யார்?

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அம்மையாரின் பெயரால் நர்ஸ் பள்ளி தொடங்கினது. அதற்குள் அவர்களே நோயாளி. 1857 முதல் பல வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலும் இருந்துதான் எழுதினார்கள். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் நித்திரையடைந்தார்கள். கிழக்கு வெல்லோ கிராமத்துக் கல்லறையில் முழுப்பெயர்கூடக் கிடையாது, எஃப்.என். என்ற இரண்டு எழுத்தும், பிறந்த நாளும் இறந்த நாளும்தான்.